அத்தோவும் ஒரு கேள்வியும்

"என்ன மச்சான், நம்மட ஆக்கள வெட்டித் தொரத்தின நாட்டுட சாப்பாட்டத் திண்டுபோட்டு வந்து, அதுக்கு விமர்சனமும் எழுதப்போறியோ?"

சாகாமம் குளத்துக்குக் கீழே, வயல் வாடியில் வைத்து நண்பர் என்னிடம் இப்படிக் கேட்டார். 2025 பெப்ரவரி. பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. முந்திய டிசம்பரில்தான் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகளோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு ஒதுங்கியிருந்தது. நண்பரின் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் நல்ல வாசகர், கவிதை எழுதுபவர். கேள்வியைச் சிரித்து மழுப்பிவிட்டு வர என்னால் முடியவில்லை. இது ஒரு சாப்பாட்டுக்கடையைப் பற்றிய விமர்சனம். அவருக்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

சென்னையில் கடற்கரை ரயில் நிலையத்தின் பக்கமாகப் பர்மா பஜார் இருக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிழைப்புக்கென 1969இல் உண்டான கடைத்தெரு அது. அதிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மண்ணடி. நம் பகுதியிலிருந்து புத்தகம் வாங்கவும் மருந்தெடுக்கவும் போகிறவர்களுக்கு அங்குள்ள லொட்ஜுகளும் பள்ளிவாசல்களும் பழக்கமானவை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தெருக்களில் மாலையானதும் பர்மிய உணவுக் கடைகள் திறக்கும். பெரும்பாலானவை தள்ளுவண்டிகள். சில, நாலு மேசை போட்ட சிறு கடைகள். நான் சாப்பிட்டது அப்படியொரு கடையில். மகன் பிசைகிறார், மருமகள் சூப் ஊற்றுகிறார், வயதான தாய் காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறையும் சொல்லவிருப்பதால் அது முறையல்ல.

அங்குள்ள பிரதான உணவு அத்தோ. பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் கலந்து பிசைந்தது. நாம் சம்பல் என்பதற்குக் கிட்டிய பொருள் அதற்கு உண்டு. கடைசி மெய் பர்மிய உச்சரிப்பிலேயே தொண்டைக்குள் அடங்கிவிடும்; தமிழ் வாய்க்குள் வந்தபோது அது முற்றாகக் கழன்று அத்தோ ஆகிவிட்டது. அவித்த நூடில்ஸ், மெல்லிய கீற்றாக அரிந்த கோவா, பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், உள்ளி பொரித்த எண்ணெய், புளிக்கரைசல், வறுத்த கடலை மா, இடித்த கொச்சிக்காய், தேசிக்காய்ச் சாறு, கொத்தமல்லி இலை. இவற்றையெல்லாம் ஒரு கோப்பையில் போட்டுக் கையால் பிசைந்து, மேலே 'பேஜோ' என்கிற பொரித்த தட்டையை நொறுக்கிப் போடுவார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி அதற்குள் பொரித்த வெங்காயமும் உள்ளியும் வைத்துப் புளி ஊற்றித் தரும் முட்டை மசாலாவும் உண்டு.

முதல் தடவை, 2020 ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போனபோது சாப்பிட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை. நமது கொத்து ரொட்டியை ஆறவைத்துப் புளியூற்றியது போல இருந்தது. 'பர்மாக்காரனின் சாப்பாடு இவ்வளவுதானா?' என்று ஒரு வரியில் தீர்ப்பெழுதிவிட்டு எழும்பி வந்தேன். நூல் மதிப்புரையிலும் நாம் இந்தத் தவறைச் செய்கிறோம். நமக்கு முன்பே பழக்கமான ஒன்றோடு ஒப்பிட்டு, அதுபோல இல்லை என்று தள்ளிவிடுகிறோம். அத்தோ கொத்து ரொட்டியின் உறவே அல்ல என்பது எனக்கு விளங்க ஐந்து வருடம் எடுத்தது.

இரண்டாம் தடவை, 2025 ஜனவரியில், கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்தேன். கோழி போட்ட அத்தோவும் இருந்தது. கேட்பதா விடுவதா என்று யோசித்துவிட்டு, "கோழி எங்க வாங்குறீங்க?" என்று கேட்டேன். தாய் தலைநிமிர்ந்து பார்த்தார். "மண்ணடியில பாய் கடைலதான் பாய். இங்க சாப்புடுறவங்க பாதிப்பேர் உங்க ஆளுங்கதானே" என்றார். கேள்வியில் அவருக்கு எந்த வருத்தமும் தெரியவில்லை. இரண்டாவது வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

அத்தோவில் முதலில் வருவது சத்தம். பேஜோவும் கோவாவும் பல்லில் நொறுங்குகின்றன. அதற்குப் பிறகு புளி. புளிக்குப் பின்னால் வறுத்த கடலை மா வந்து அந்தப் புளிப்பைப் பிடித்து நிறுத்துகிறது. இந்தக் கடலை மாதான் அத்தோவின் சூட்சுமம். தண்ணீரை உறிஞ்சி, எண்ணெயையும் புளியையும் நூடில்ஸில் ஒட்டவைக்கிறது. அது குறைந்தால் எல்லாம் கோப்பையின் அடியில் தேங்கிவிடும், கூடினால் வாய் காய்ந்துவிடும். அந்த மகனின் கைக்கு இது தெரியும். அளவுக் கரண்டி இல்லை. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பிசையப்படுவதால் ஒருவருக்குப் புளி கூட, மற்றவருக்குக் காரம் குறைவு என்று கேட்டபடி செய்து தர முடிகிறது. கூட்டம் நெருக்கியபோதும் இரண்டு பேருக்குச் சேர்த்துப் பிசையவில்லை. இது பெரிய நேர்மை.

குறைகளும் உண்டு. நூடில்ஸுக்குப் போடும் செம்மஞ்சள் நிறம் தேவையற்றது. ருசிக்கு ஒன்றும் சேர்க்காமல் விரலில் மட்டும் ஒட்டுகிறது. சூப் எனக்கு ஏமாற்றம். பர்மாவில் காலைச் சாப்பாடான மொஹிங்காவின் வழிவந்தது இது. அங்கே கெளிறு போன்ற ஆற்றுமீனை அவித்து மசித்து, எலுமிச்சைப்புல்லும் வாழைத்தண்டும் வறுத்த அரிசி மாவும் சேர்த்து, அரிசி நூடில்ஸின் மேல் ஊற்றுவார்கள். இங்கே மீன் போய்விட்டது. வாழைத்தண்டும் மிளகும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. கருவாடும் மாசியும் தின்று வளர்ந்த நம் நாக்குக்கு அந்த இடம் வெறுமையாகத் தெரிகிறது.

"மீன் போட மாட்டீங்களா?" என்று கேட்டேன். "போட்டா இங்க யாரு குடிப்பா? வாடை வருதுன்னு போயிடுவாங்க. எங்கம்மா வீட்டுக்கு வைக்கிறப்ப மட்டும் போடுவாங்க" என்றார் தாய். பிறகு கேட்காமலே சொன்னார்: "சட்டி, கரண்டி ஒண்ணும் கொண்டு வரல பாய். வாயில இருந்தத நெனச்சு நெனச்சுதான் எங்கம்மா பண்ணாங்க." கப்பலில் வந்தபோது அவர் சிறுபிள்ளை.

இதைக் கேட்ட பிறகு என் மேற்படி குறையை வாபஸ் வாங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சூப் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் ஏன் வெறுமையாக இருக்கிறது என்பது இப்போது தெரிகிறது. இரக்கப்பட்டுப் பாராட்டுவது விமர்சனமாகாது. காரணத்தை அறியாமல் கழித்துவிடுவதும் அப்படித்தான்.

பர்மா 1937 வரை பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணம். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி றங்கூனில் வசித்தோரில் பாதிக்கு மேல் இந்தியர். நமது சோற்றுக்கும் அங்கே பங்கிருந்தது. இலங்கை அன்று அரிசிக்குப் பெரிதும் பர்மாவை நம்பியிருந்தது. 1942இல் ஜப்பானியர் அந்நாட்டைப் பிடித்ததும் இங்கே அரிசித் தட்டுப்பாடு வந்தது. மரவள்ளி தின்ற காலம் என்று என் மூத்தம்மா சொல்வது அதைத்தான். அந்த வருடம் லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் கடந்து நடந்தே இந்தியாவுக்குத் தப்பினார்கள். எஞ்சியோரையும் போருக்குப் பின் திரும்பிப் போனோரையும் 1962இல் ஆட்சியைப் பிடித்த நே வின்னின் இராணுவம் அசைத்தது. 1964இல் கடைகள் அரசுடைமையாகின. அதே வருடம் மே மாதத்தில் 50, 100 கியாத் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டன. தலைமுறைகளாகச் சேர்த்தது கடதாசியாகிப் போக, கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்தார்கள். அவர்களுள் இந்துக்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். சிலர் பர்மாவுக்கே திரும்பிப் போகலாம் என்று மணிப்பூர் எல்லைவரை நடந்து, அங்கும் உள்ளே விடப்படாமல், மோரே என்ற ஊரில் குடியேறிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழர் இருக்கிறார்கள்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ரோஹிங்கியாக்களின் குடியுரிமையை மறுத்த 1982ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே நே வின்னின் ஆட்சிதான். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோரை வங்காளதேசத்துக்குத் துரத்தியது அதே இராணுவம். காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் வெங்காயம் உரிக்கும் அந்தத் தாயைத் துரத்தியவர்களும் அவர்களே. ஆகவே அத்தோவை அந்த அரசின் சாப்பாடு என்று நான் எப்படிச் சொல்வது? இராணுவம் வீட்டை எடுத்தது, கடையை எடுத்தது, காசை எடுத்தது. சமையலை அந்தக் குடும்பம் கொண்டு வந்துவிட்டது. கொழும்பில் மேமன் வீடுகளில் தேங்காய்ப்பாலில் செய்யும் 'கவ்சா'வும் பர்மாவிலிருந்து வந்ததுதான். அதைச் சாப்பிடும்போது நமக்கு இந்தக் கேள்வி வருவதில்லை.

இன்னொன்றையும் நண்பருக்கு நினைவுபடுத்தினேன். சமைத்தவரின் இனத்தைப் பார்த்துச் சாப்பாட்டுக்குத் தீர்ப்பெழுதினால் என்ன நடக்கும் என்பதை அம்பாறை மாவட்டத்தில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2013இல் பர்மாவில் 969 இயக்கத்தார் பௌத்தர்களின் கடைகளில் அடையாளச் சீட்டு ஒட்டி, முஸ்லிம் கடைகளில் எதையும் வாங்காதீர்கள் என்றார்கள். அதே வருடம் இங்கே பொது பல சேனா ஹலால் முத்திரைக்கு எதிராகக் கிளம்பியது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக்கடையில் கறிக்குள் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, மலட்டு மாத்திரை போட்டாயா என்று கேட்டார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரரை நெருக்கி ஆமென்று சொல்லவைத்து, அதைக் காணொளியாகப் பரப்பினார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த மாதம் திகன எரிந்தது. அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் அறிக்கை சொன்னபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

நானும் சென்னைக் கடையில் ஒரு கேள்வி கேட்டேன். ஹலாலா என்பதுதான் அதன் பொருள். சாப்பிடவேண்டும் என்பதற்காகக் கேட்டேன், பதிலை நம்பினேன். அம்பாறையில் கேட்டவர்கள் பதிலை முன்பே வைத்துக்கொண்டு வந்தவர்கள். சாப்பாட்டுக்கடை என்பது நம்பிக்கையில் நடக்கும் இடம். முன்பின் தெரியாத ஒருவரின் கை பிசைந்ததை நாம் வாய்க்குள் வைக்கிறோம். அதில் சந்தேகத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பதிலைக் காதுகொடுத்துக் கேட்கும் கடமையும் உண்டு. 'நம்மை வெட்டியவனின் சாப்பாடு' என்று தட்டைப் பார்க்காமலே சொல்லும்போது, நாமும் பதிலை முன்பே வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைகிறோம்.

கடைசியாக, எழுதுகிறவர்களான நமக்கு ஒரு வார்த்தை. றங்கூனில் 'ஜோதி' இதழின் ஆசிரியராக இருந்த வெ. சாமிநாத சர்மா 1942இன் துயரத்தை 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என்ற நூலாகத் தந்தார். பர்மாவில் வளர்ந்த ஹெப்சிபா ஜேசுதாசன் அந்த மண்ணை வைத்து 'மா-னீ' நாவலை எழுதினார். 1964இன் கப்பல்களை எழுதியவை, நான் வாசித்தவற்றில் மிகக் குறைவு. நம் பக்கமும் நிலைமை வேறல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைப் பற்றிக் கவிதைகளும் கதைகளும் வந்துள்ளன. அவற்றில் பூட்டிய வீடும் பறிபோன நகையும் உண்டு. புத்தளத்து முகாமில் முதல் மாதம் எதை வைத்து என்ன சமைத்தார்கள், யாழ்ப்பாணத்து ருசியில் எது மிஞ்சியது, எது அந்தச் சூப்பின் மீனைப்போலக் காணாமற்போனது என்று விசாரித்த கதைகள் எத்தனை? அந்த அடுப்புகளுக்கு முன் இருந்த பெண்கள் பலர் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். கேட்பதற்கு அதிக காலம் இல்லை.

அன்று வாடியில் நண்பர் எனக்குப் பதில் சொல்லவில்லை. முள்ளிவாய்க்கால் கரையில் அந்தப் படகுக்கு முதலில் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தவர்கள் அங்குள்ள மீனவர்கள் என்பதை மட்டும் தானாகச் சொன்னார். பிறகு சோற்றுப் பார்சலைப் பிரித்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டில் அத்தோ செய்து பார்த்தேன். நூடில்ஸுக்குப் பதிலாகக் காலையில் மிஞ்சிய இடியப்பம். கடலை மா கூடிவிட்டது, வாய் காய்ந்தது. சூப்புக்கு வாழைத்தண்டோடு குளத்துமீன் இரண்டைப் போட்டோம். நண்பரும் வந்திருந்தார். அத்தோவைப் பாதியில் வைத்துவிட்டார். சூப்பை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.