நிலமும் பொழுதும் கதையாகும் திறம்

பூகோளப் பாடத்தைப் பற்றி உயர்நிலைப் பள்ளிகளில் எழும் குறை ஒன்றுண்டு. மாணவர் மலைகளின் உயரத்தையும் ஆறுகளின் நீளத்தையும் நெட்டுருச் செய்வர்; தேர்வு முடிந்ததும் மறப்பர். இதற்கு மருந்தாகக் கதைநூல்களைப் பயிற்றலாம் என்பர். எத்தகைய கதை மருந்தாகும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அவ்விரண்டும் நிகழ்ச்சிக்குப் பின்புலமாக மட்டும் நில்லாது, நிகழ்ச்சியை முடிவு செய்வனவாக அமையும்போதே பூகோளம் உயிர்பெறும் என்பது எம் கருத்து. இருவேறு நாட்டு நூல்களைக் கொண்டு இதனை நிறுவ முயல்வோம்.

முதலாவது, பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1872இல் நாளிதழில் தொடராக எழுதி, 1873இல் நூலாக வெளிவந்த ‘எண்பது நாளில் உலகப் பயணம்’. இதன் தலைவன் ஃபாக், எந்நாட்டையும் கண்கொண்டு பாரான். ஆதலின் இதில் நில வருணனையைத் தேடுவார் ஏமாறுவர். ஆயின் பொழுதைப் பற்றிய பாடம் இந்நூலிற் போலப் பிறிதோரிடத்தில் அமைதல் அரிது. ஃபாக்கின் பணியாளன் தன் மூதாதையர் வழிவந்த கடிகாரத்தை இலண்டன் நேரத்திலிருந்து மாற்ற மறுக்கிறான். கிழக்கே செல்லச் செல்ல அது உள்ளூர் நேரத்துக்குப் பிந்துகிறது. பசிபிக் பெருங்கடலில் 180ஆம் தீர்க்கரேகையை அடைந்தபோதோ, கப்பற் கடிகாரத்தோடு ஒத்துவிடுகிறது! தானே வென்றதாக அவன் மகிழ்கிறான். பன்னிரண்டு மணி நேரம் வேறுபட்டதனாலேயே முட்கள் ஒத்தன என்பதை அவன் அறியான். ஒரு பாகைக்கு 4 நிமிடமாக 360 பாகைக்கு 1,440 நிமிடம், அதாவது ஒருநாள் முழுவதும் கிழக்கு நோக்கிச் செல்வார்க்கு மிகும். தோற்றதாக எண்ணிய ஃபாக் வென்றதும் இதனாலேயே. இக்கணக்கை நீக்கினால் கதையே இல்லை.

இரண்டாவது, சுவீடன் நாட்டுச் செல்மா லாகர்லெவ் எழுதிய ‘நில்ஸின் வியத்தகு பயணம்’. அந்நாட்டுப் பள்ளியாசிரியர் சங்கம் பாடநூலாக எழுதித் தருமாறு வேண்ட, 1906, 1907ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1909இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்று, அப்பரிசு பெற்ற முதற் பெண்மணியானவர் இவ்வாசிரியர். குறும்பு செய்து விரலளவாகச் சுருங்கிய நில்ஸ் என்னும் சிறுவன், வாத்தின் முதுகேறித் தன் நாட்டை வானிலிருந்து காண்கிறான். தென்கோடி மாநிலம் அவனுக்குக் கட்டம்போட்ட துணியாகத் தோன்றுகிறது. பச்சைக் கட்டம் கம்புப்புல் விளையும் வயல், மங்கிய மஞ்சட் கட்டம் அறுத்த தாள் நிற்கும் நிலம் என அவனே தெளிகிறான். ஆசிரியர் கூறாமல் மாணாக்கன் கண்டறிதல் என்பது இதுவே.

இதனினும் சிறந்தது, நில்ஸின் கதையோடு இழையும் ஆசா, மாட்ஸ் என்னும் இரு சிறாரின் கதை. தாயும் உடன்பிறந்தாரும் இறந்தது சாபத்தாலன்று, காசநோயால் என்று அறிந்த இவ்விருவரும், சாபத்துக்கு அஞ்சி ஓடிய தந்தையிடம் அதனைக் கூறுதற்குத் தெற்கிலிருந்து வடகோடி இரும்புச் சுரங்க நாடு நோக்கி நடக்கின்றனர். சுவீடனின் நீளம் ஏறத்தாழ 1,570 கிலோமீட்டர் என்று எழுதிப் போட்டால் அது வெறும் எண். இச்சிறாரின் கால்களால் அளக்கும்போது அது துயரமாகிறது. சுரங்க வெடிப்பில் அடிபட்டு மாட்ஸ் இறக்கிறான். வடநாட்டின் கனிவளம் என்னும் பாடத்தலைப்பு, அதன்பின் படிப்பவர் நெஞ்சில் வேறு பொருள் கொள்கிறது.

இனி, குறைகளையும் கூறுதல் திறனாய்வின் கடன். லாகர்லெவ் சிலவிடத்துப் பழங்கதைகளை அடுக்குகிறார். அங்கு நில்ஸ் வெறுங் கேட்போனாகிறான். வெர்னின் குறையோ பெரிது. பம்பாய்–கல்கத்தா இருப்புப்பாதை இடையில் முற்றுப்பெறாததால் ஃபாக் யானையேற நேர்ந்தது என்கிறார். கதை நிகழ்வது 1872இல். அப்பாதையோ 1870இலேயே இணைந்துவிட்டது. கதையின் பொருட்டு நிலம் வளைக்கப்பட்டது. உடன்கட்டை நிகழ்ச்சியில் நம் நாட்டு மக்கள் அச்சந்தரும் கும்பலாக மட்டுமே தோன்றுகின்றனர். பொழுதைப் பிழையறக் கற்பித்தவர், மக்களைப் பிழைபடக் கற்பித்தார். உலகப் பூகோளம் பயிலும் மாணவன் பிறநாட்டாரைக் காட்சிப்பொருளாகக் காணப் பழகுவானாயின், அவன் ஒன்றும் அறியாதிருத்தலே நன்று. சுவீடன் நூல் அந்நாட்டுச் சிறார்க்கே எழுதப்பட்டதாயினும், பிறநாட்டு மாணவனுக்கு ஆசாவைத் தன் உடன்பிறந்தாளாக்குகிறது.

வாத்தின் முதுகிலிருந்து நில்ஸ் கண்ட காட்சியைச் செயற்கைக்கோட் படங்கள் இன்று எவர்க்கும் காட்டுகின்றன. எனினும், கட்டம் ஏன் பச்சை, அதனை உழுதவர் யார் என்பதைப் படம் தானே கூறாது. ஆதலின், கடிகாரப் பகுதியைப் படிக்கச் செய்து, விடை கூறாது உருண்டையை மாணவர் கையிற் கொடுத்தலும், ஆசா நடந்த வழியை வரைபடத்தில் அவர்களே வரையச் செய்தலும் வகுப்பில் ஆற்றத்தக்கன. வெர்னைப் பயிற்றுங்கால் அவர்தம் பிழைகளையும் உடன் பயிற்றுதல் வேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருளே. அந்நிலத்து வாழ்வார் நெஞ்சமாகிய உரிப்பொருளைச் சேராதவழி அவை முழுமை பெறா என்பதே எம் துணிபு.