ஆக்கமும் அழிப்பும்: வாய்ப்புற்று ஆய்வுகளில் வளர்ச்சிக்காரணி ஏற்பிகளின் அளவைப் பொருள்கொள்ளல்

ஆய்வுச்சுருக்கம்

உருமாறிய செல்களில் வளர்ச்சிக்காரணி ஏற்பிகள் மிகுந்திருப்பதை உற்பத்திப் பெருக்கமாக மட்டும் கொள்வது போதாது. ஏற்பிகளை அகற்றும் ஒழுங்கு குலைவதும் அதே விளைவைத் தரும். சிதம்பரத்தில் வளர்ந்த வாய்ப்புற்று ஆய்வுமரபை முன்வைத்து, அளவீட்டிலும் கலைச்சொல்லிலும் இவ்வேறுபாடு பேணப்பட வேண்டியதன் தேவையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முதன்மைச் சொற்கள்: வளர்ச்சிக்காரணி ஏற்பி, யுபிக்விட்டின், லைசோசோம், வாய்ப்புற்று, கலைச்சொல்.

முன்னுரை

1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை வாய்ப்புற்று ஆய்வில் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகிறது. அங்கிருந்து வெளிவந்த ஆய்வுகள் பல, ஹாம்ஸ்டர் எனும் கொறிவிலங்கின் கன்னப்பையை மாதிரியாகக் கொண்டவை. 0.5 விழுக்காடு டி.எம்.பி.ஏ. கரைசலை வாரம் மும்முறை என 14 வாரங்கள் தடவினால் கன்னப்பையில் செதிள்செல் புற்று தோன்றுகிறது. புகையிலை கலவாத வெற்றிலைப்பாக்கும் புற்றை விளைவிக்கும் என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2004ஆம் ஆண்டுத் தொகுதி உறுதிசெய்தது. ஆகவே சிதம்பரம், கடலூர் முதலிய நகரங்களுக்கும் காடாம்புலியூர் போன்ற சிற்றூர்களுக்கும் இவ்வாய்வு தொலைவான பொருளன்று.

அளவும் விகிதமும்

வாய்ப்புற்றுத் திசுக்களில் மேற்றோல் வளர்ச்சிக்காரணி ஏற்பி மிகுந்திருப்பது பரவலாகக் கண்டறியப்பட்டுள்ளது. திசுச்சீவலில் நிறமேற்றியோ வெஸ்டர்ன் பிளாட் முறையிலோ பெறப்படும் இவ்வளவு, ஒரு நேரப்புள்ளிக்குரியது. வீராணம் ஏரியின் நீர்மட்டம் உயர்ந்திருப்பதை மட்டும் கண்டவர், வடவாற்றின் வரத்து மிகுந்ததா, மதகுகள் அடைபட்டனவா என்று கூற இயலாது. ஏற்பியின் அளவும் அத்தகையதே. அது ஆக்கத்திற்கும் அழிப்பிற்கும் இடையிலான நிகர விளைவு. இரண்டில் எது மாறியது என்பதை நிகர அளவு உணர்த்தாது.

அழிப்பின் வழிமுறை

வளர்ச்சிக்காரணி பிணைந்தவுடன் ஏற்பிகள் இணைசேர்ந்து, தம் டைரோசின் எச்சங்களில் பாஸ்பேட்டை ஏற்கின்றன. அவ்வாறு குறியிடப்பட்ட 1045ஆம் டைரோசினில் சி.பி.எல். புரதம் வந்து பொருந்தி, ஏற்பியின்மீது யுபிக்விட்டினைச் சேர்க்கிறது. பின்னர் ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்பட்டு எண்டோசோமை அடைகிறது. யுபிக்விட்டின் குறியுடையவை உட்குமிழ்களுள் ஒதுக்கப்பட்டு லைசோசோமில் செரிக்கப்படுகின்றன; குறியற்றவை பெரும்பாலும் செல்பரப்பிற்கே திரும்புகின்றன. இவ்வாறு, தூண்டலே தன் முடிவையும் தொடங்கிவைக்கிறது.

இம்முடிவு எல்லா நிலையிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. எண்டோசோமின் அமிலச்சூழலில் மேற்றோல் வளர்ச்சிக்காரணி ஏற்பியைப் பற்றிநிற்பதால் ஏற்பி அழிப்பிற்குச் செல்கிறது. அதே ஏற்பியைத் தூண்டும் ஆல்ஃபா வகை உருமாற்ற வளர்ச்சிக்காரணியோ அங்கு எளிதில் பிரிந்துவிடுவதால் ஏற்பி மீண்டும் பரப்பை அடைகிறது. ஹெர்-2 ஏற்பியுடன் இணைசேரும்போதும் மீள்சுழற்சியே மிகுகிறது.

சான்றின் வலிமை

அழிப்புக் குறைவு நோயின் துணைவிளைவே அன்றிக் காரணமன்று என வாதிடலாம். இதற்கு மறுப்பாக அமைவது மெட் ஏற்பி. சில நுரையீரல் புற்றுகளில் அதன் மரபணுவின் 14ஆம் எக்சான் தவிர்க்கப்படுகிறது. சி.பி.எல். பொருந்துவதற்குரிய 1003ஆம் டைரோசின் அப்பகுதியில்தான் உள்ளது. கைனேஸ் பகுதி சிதையாதிருந்தும், அகற்றும் குறி இழந்த ஏற்பி நீடித்து நின்று புற்றை இயக்குகிறது. மெட் கைனேஸைத் தடுக்கும் கேப்மாடினிப் 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது இம்மாற்றத்தின் மருத்துவ முதன்மையைக் காட்டும்.

எனினும் அழிப்புக் குறைவை ஒரே விளக்கமாக்குவதும் பிழையே. ஹெர்-2 மிகுந்த மார்பகப் புற்றுகளில் மரபணுப் பெருக்கமே முதன்மைக் காரணம். வாய்ப்புற்றிலும் ஒரு பகுதியில் மரபணுப் பெருக்கம் காணப்படுகிறது. எனவே எது நேர்ந்தது என்பதை ஒவ்வொரு மாதிரியிலும் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டும்.

ஆய்வுமுறை மீதான மதிப்பீடு

கன்னப்பை மாதிரியின் சிறப்பு, இயல்பான திசு படிப்படியாகப் புற்றாக மாறுவதைக் காட்டுவது. அதன் எல்லையும் அங்கேயே உள்ளது. உயிருள்ள விலங்கின் திசுவில் புரத ஆக்கத்தை முற்றிலும் நிறுத்திவிட்டு ஏற்பி குறையும் வேகத்தை அளப்பது அரிது. வளர்ப்புச் செல்களில் சைக்ளோஹெக்சிமைடு கொண்டு இதைச் செய்யலாம். தூது ஆர்.என்.ஏ. உயராதிருக்கப் புரதம் மட்டும் உயர்ந்திருந்தால் அழிப்புக் குறைவை ஐயுறலாம்; மொழிபெயர்ப்பு மிகுதியும் இதே தோற்றத்தைத் தருமாதலால், ஏற்பியில் யுபிக்விட்டின் சேர்ந்துள்ள அளவையும் காணவேண்டும்.

ஒரு தாவரச் சேர்மம் ஏற்பியின் அளவைக் குறைத்தது என்னும் முடிவிற்கும் இது பொருந்தும். அச்சேர்மம் ஆக்கத்தைத் தடுத்ததா, அழிப்பை விரைவுபடுத்தியதா, கட்டியின் செல்களையே குறைத்ததா என்பது தெளியாதவரை அது மருந்தாகும் வழியும் தெளியாது. 2006இல் இந்தியாவில் அறிமுகமான நிமோடுசுமாப், ஏற்பியின் வெளிப்புறத்தில் பிணைந்து தூண்டலைத் தடுப்பது. ஏற்பியின் இருப்பையே குறைக்க முயலும் மருந்தின் நோக்கு இதனின்று வேறானது.

கலைச்சொல்லின் பங்கு

இவ்விடத்தில் தமிழ் இலக்கணம் ஒரு வாய்ப்பைத் தருகிறது. ‘சிதைதல்’ தன்வினை, ‘சிதைத்தல்’ பிறவினை. ஏற்பிச் ‘சிதைவு’ என்னும் தொடர், புரதம் தானே நைந்துபோவது போன்ற பொருளைத் தரும். செல் ஏற்பியைத் தேர்ந்து, குறியிட்டு, ஆற்றல் செலவிட்டு அகற்றுவதை உணர்த்த ‘சிதைப்பு’ அல்லது ‘அழிப்பு’ என்பதே ஏற்றது. தமிழ்வழியில் பயின்று ஆய்விற்கு வரும் மாணவர், செய்பவர் யார் என்னும் வினாவைச் சொல்லிலிருந்தே எழுப்ப இது வழிசெய்யும். ‘புற்று’ என்னும் பழஞ்சொல்லும் மேல்நோக்கி எழும் வளர்ச்சியையே கண்முன் நிறுத்துவது. அச்சொல்லை மாற்றவேண்டியதில்லை, அதன் படிமம் விளக்கத்தைக் கட்டுப்படுத்தாமல் காத்தால் போதும்.

முடிவுரை

ஏற்பியின் அளவு ஒரு தொடக்கச் சான்று. அதன் ஆக்க வேகம், அழிப்பு வேகம், யுபிக்விட்டின் நிலை ஆகிய மூன்றும் உடன்வைக்கப்படும்போதே அது விளக்கமாகும். கன்னப்பைக் கட்டிகளிலிருந்து செல்வழிகளை வளர்த்து இம்மூன்றையும் அளப்பது, சிதம்பர ஆய்வுமரபு சேர்த்துள்ள திசுச்சான்றுகளுக்குக் காரண வலிமை சேர்க்கும்.