பிள்ளையும் பெற்றோரும்: மனச்சிதைவுச் சிகிச்சையில் இலங்கை வழக்கும் இந்திய வழக்கும்

மலேசியாவின் ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் 1937ஆம் ஆண்டு திறக்கப்பெற்று, இந்நாளில் பெர்மாய் மருத்துவமனை என்று வழங்கும் மனநோய் வைத்தியசாலை, சென்னைக்குக் கீழ்ப்பாக்கமும் கொழும்புக்கு அங்கொடையும் போலவே, ஊரார் வாயில் பரிகாசப் பொருளாகிப் பல தலைமுறைகள் ஆயின. அந்தப் பரிகாசத்தைக் கேட்டுச் சிரித்தே பழகிய ஒரு குடும்பம், தன் பதினேழு வயதுப் பிள்ளை படிப்பை விட்டு, உறக்கத்தை விட்டு, யாரும் இல்லாத மூலையிலிருந்து குரல் வருகிறது என்று நடுங்கத் தொடங்கும்போது, வைத்தியத்தைத் தேடுவதற்கு முன்னே வெட்கத்தோடு போராட வேண்டியதாகிறது. தோட்ட வேலைக்கு வந்த இந்தியத் தமிழரும், எழுத்தராகவும் ரயில்வே ஊழியராகவும் வந்த யாழ்ப்பாணத்தாரும் கலந்து வாழும் இப்பிரதேசத்தில், அத்தருணத்தில் இரு பக்கத்து உறவினரும் தத்தம் ஊர் வழக்கமே உயர்ந்தது என்று யோசனை சொல்வது இயல்பு. ஆகவே அவ்விரு வழக்கங்களையும் பட்சபாதமின்றி நிறுத்துப் பார்ப்பது பயனுள்ள காரியம்.

அப்பிள்ளையைப் பற்றியிருக்கக்கூடிய மனச்சிதைவு (ஸ்கிசோப்ரினியா) அபூர்வமான வியாதி அன்று. உலக மக்களில் ஏறத்தாழ முந்நூறு பேருக்கு ஒருவரை அது பற்றுவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. குழந்தைப் பருவத்தில் அரிதாகவும், பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் மிகுதியாகவும் தோன்றுகின்ற இந்நோய், பெற்றோரின் வளர்ப்புக் குறையாலோ முன்வினையாலோ வருவதன்று என்பதை வைத்தியசாஸ்திரம் தெளிவாகவே சொல்லியிருந்தும், இரு தேசங்களிலும் குடும்பம் முதலில் நாடுவது தெய்வ சந்நிதியைத்தான். யாழ்ப்பாணத்தார் நூல் கட்டிப் பார்வை பார்த்தபின் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக்குச் செல்வர். தமிழகத்தார் தாயத்துக் கட்டிக் குணசீலத்துக்கோ ஏர்வாடித் தர்காவுக்கோ செல்வர்.

இதனை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுதல் நியாயமாகாது. தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளர் முப்பத்தொருவரைப் பரிசோதித்து, டாக்டர் ரகுராமும் அவருடைய சகாக்களும் 2002ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வில், சில வாரங்கள் அங்கே அமைதியாகத் தங்கியதாலேயே நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தணிந்திருந்ததாகக் கண்டனர். கவனிக்கத்தக்கது என்னவெனில், அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் உடன் தங்கியிருந்தார். அதே தமிழ்நாட்டில், 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி, ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப இயலாமல் இருபத்தெட்டு மனநோயாளர் மாண்டனர். இரண்டிடத்திலும் நம்பிக்கை ஒன்றே. வீட்டார் உடனிருந்தமையும் உடனில்லாமையுமே வேறுபாடு.

இந்தியாவில் வைத்திய முறைமையின் சிறப்பையும் இந்த உடனிருப்பிலேயே காணலாம். 1950களில் அமிர்தசரஸ் மனநோய் வைத்தியசாலையில் டாக்டர் வித்யாசாகர், வளாகத்தில் கூடாரங்கள் அமைத்துப் பெற்றோரையும் உற்றாரையும் நோயாளிகளோடு தங்கச் செய்தார். 1957இல் தொடங்கிய வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமோ, உறவினர் உடன் தங்குவதையே தன் சிகிச்சையின் அங்கமாக்கிக்கொண்டது. அத்தகைய ஏற்பாட்டில் தாயானவள் மகனுக்கு மாத்திரை கொடுத்து, விழுங்கினானா என்று பார்த்திருந்து, கை நடுங்குவதும் வாயில் எச்சில் ஒழுகுவதும் மருந்தின் பக்கவிளைவு என்று அறிந்து, அடுத்த அறையில் அதே துயரத்தோடு வந்திருக்கும் மற்றொரு தாயிடம் தன் மனத்தைத் திறந்து பேசி, தான் மட்டுமே தண்டிக்கப்பட்டவள் அல்லள் என்று தெளிகிறாள். 1794 வரை வேர் செல்லும் சென்னை மனநோய் வைத்தியசாலைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவியதும், அதனைச் சார்ந்து நோயாளரின் குடும்பத்தார் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்ததும் இந்த மரபின் தொடர்ச்சியே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடை செய்தது. ஆயினும் சட்டப் புத்தகத்துக்கும் குக்கிராமத்துக்கும் இடையே தூரம் பெரிது. நல்ல சிகிச்சையை நாடிப் பஸ் ஏறி, கூலியிழந்து, வாரக்கணக்கில் வெளியூரில் தங்குகின்ற பாரம் ஏழைக் குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது.

இலங்கையின் பாதை வேறு. 1926இல் அமைந்த அங்கொடை வைத்தியசாலையிலேயே தேசத்தின் மனநோயாளரைப் பெரும்பாலும் குவித்த வழக்கமும், 1873ஆம் ஆண்டுச் சட்டத்தையே திருத்தித் திருத்திக் காலந்தள்ளிய வழக்கமும், யாழ்ப்பாணத்துத் தாயை மகனிடமிருந்து நெடுந்தூரம் பிரித்து வைத்தன. யுத்தமும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் உண்டாக்கிய மனக்காயங்கள் கண்முன் நின்றதனால், 2005இல் வகுத்த தேசிய மனநலக் கொள்கை, மாவட்டந்தோறும் சிகிச்சைப் பிரிவும் உளநல வைத்திய அதிகாரியும் வேண்டும் என்று விதித்தது. இலவச வைத்தியம் முன்பே நிலைபெற்றிருந்த நாடாகையால், இக்கொள்கை வேரூன்ற நிலம் பண்பட்டிருந்தது. வடக்கிலோ, பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் ஷெல் விழுந்த காலத்திலும் ஊரை விட்டகலாது பணியாற்றி, ஆசிரியர்களையும் கிராமப் பணியாளர்களையும் உளநல உதவிக்குப் பயிற்றுவித்தனர். 1987இல் தோன்றிய சாந்திகம் என்னும் அமைப்பு உளவளத்துணைக்கு ஓர் இடமாயிற்று. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவு யாழ்ப்பாணத் தீபகற்பத்துக்கு அருகிருந்து உதவுகிறது.

இலங்கையில் வீட்டார் வைத்தியசாலைக்குச் செல்வதோடு அமையாது, பணியாளரும் இல்லத் தரிசிப்புக்கு வருவர். குரல் கேட்கிறது என்று மகன் சொல்லும்போது "சும்மா உளறாதே" என்று தகப்பன் அதட்டினால், அவன் மேலும் ஒடுங்கிவிடுவான்; "உனக்குக் கேக்குது தம்பி, எனக்குக் கேக்கேல்லை, பயமாக் கிடக்கே?" என்று விசாரித்தால், குரலை ஒப்புக்கொள்ளாமலே அச்சத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். இத்தகைய பாடத்தை வகுப்பறையில் கற்பதைவிட, வீட்டுத் திண்ணையிலேயே கற்பது எளிது. ஆனால் நிபுணர் பலர் புலம்பெயர்ந்தமையும், யுத்தத்தில் ஆண்துணையை இழந்த பெண்கள் தனித்தே பாரம் சுமப்பதும் அங்கே தீராத குறைகள்.

நோயாளியைக் குடும்பத்தின் நடுவே வைத்திருப்பதால் விளையும் நன்மைக்கு ஆராய்ச்சியும் ஓரளவு சான்று பகர்கிறது. ஆய்வாளர் நான்சி வாக்ஸ்லர் 1979இல் வெளியிட்ட இலங்கை ஆய்வும், டாக்டர் தாராவும் சகாக்களும் சென்னையில் தொண்ணூறு நோயாளரைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வும், பெரும்பாலோர் தேறி வாழ இயலும் என்று காட்டின. எனினும் குடும்பம் என்ற பெயரே மருந்தாகிவிடாது. ஓயாது குறை கூறும் வீட்டில் நோய் திரும்பத் தாக்கும் என்பதும் பல தேசங்களில் ஊர்ஜிதமான உண்மை. களைத்துப்போன வீடே கடுஞ்சொல் பேசும் வீடாக மாறுகிறது. ஆகையால் பெற்றோருக்கு ஓய்வும் துணையும் அளிப்பது பிள்ளைக்கு அளிக்கும் சிகிச்சையேயாகும்.

எனவே என் தீர்ப்பு இது: குடும்பத்தை வைத்தியசாலைக்குள் அழைத்துக்கொண்ட வகையில் இந்தியா முந்தியது, வைத்தியசாலையைக் குடும்பத்தை நோக்கி நடக்கச் செய்த வகையில் இலங்கை முந்தியது. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டமும், மென்தாரி என்னும் சமூக மனநல மையங்களும் உள்ள மலேசியாவில் இவ்விரண்டையும் இணைத்துக் கேட்க நமக்குத் தடையில்லை. தம்போய் வாசலில் நிற்கும் பெற்றோர், மருந்து எது என்று கேட்பதோடு நில்லாமல், பிள்ளையோடு நாங்கள் எவ்வளவு நேரம் இருக்கலாம், வீடு திரும்பியபின் எங்களை யார் வந்து பார்ப்பார், மருந்தை அவன் மறுத்தால் எவரை அழைப்பது என்றும் கேட்க வேண்டும். கோயிலுக்குப் போகிறவர் போகட்டும். மாத்திரையையும் கையோடு எடுத்துச் செல்லட்டும். உறவினரும் அயலாரும் யோசனை சொல்வதைக் குறைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு மாலையாவது அந்தப் பிள்ளையோடு இருந்து, தாயைச் சற்று உறங்க விடுவார்களாக.