வினாக்கொத்தும் தோட்டத் தொழிலாளியும்

அமெரிக்க உளவியலாளர் எவரெட் ஷொஸ்ட்ரொம் 1964 இல் அறிமுகப்படுத்திய தனிமனித நோக்குநிலை வினாக்கொத்து 150 இணைக் கூற்றுக்களைக் கொண்டது. ஒவ்வோர் இணையிலும் தனக்குப் பொருந்துவதைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். நிகழ்காலத்தில் வாழ்பவரும் பிறரைச் சாராது தம் அகத்தையே ஆதாரமாகக் கொள்பவரும் மாஸ்லோ கூறிய ஆளுமை முழுமைக்கு அண்மையராகக் கணிக்கப்படுவர்.

அதே ஆண்டு ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 150,000 பேரின் கதி பின்போடப்பட்டது. எவரையும் கேட்டுச் செய்த பங்கீடன்று அது. பொல்பிட்டியவைச் சூழ்ந்த தோட்டங்களில், கப்பலேறுவோமா இருப்போமா என்றறியாது லயத்திற் காத்திருந்த பெண்ணொருத்தியிடம் இவ்வினாக்கொத்தை நீட்டியிருந்தால்? நாளையைப் பற்றிய அவளது ஏக்கம் காலத்தைக் கையாளும் திறனின்மையாகியிருக்கும். கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழுமென்ற அச்சம் புறச்சார்பாகியிருக்கும். உற்பத்தி உறவு ஆளுமைக் குறையாக உருமாறும் விந்தை இது. வினாக்களைத் தமிழாக்கிவிட்டாற் போதுமென்போர் இதனைக் காண்பதில்லை.

சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' நாவல் உந்துதலைச் செயலில் வைத்தே நோக்குகிறது. தோட்டத்திற் சங்கம் அமைக்க முனைபவன் அங்கு இருப்பிடத்தையே இழக்கிறான். வினாக்கொத்தில் எக்கூற்றைத் தெரிந்தாலும் எவரும் வீடிழப்பதில்லை.