கொடி நிறைய வெள்ளரி

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில், தொழுவுரமும் நல்ல தண்ணீரும் கொடுத்தால் மணலிலும் வெள்ளரி காய்த்துத் தள்ளும். விதைத்து ஒன்றரை மாதத்தில் பறிக்கலாம். முதலில் ஆண்பூக்கள் உதிர்ந்தால் கலங்க வேண்டாம். அடியில் குட்டிக்காய் ஒட்டிய பெண்பூ பின்னாலேயே வரும். மகரந்தத்தைத் தேனீ பார்த்துக்கொள்ளும். அப்புறம் தினமும் தேடித்தேடிப் பறிக்க வேண்டும். இலைக்கடியில் ஒளிந்து ஒன்று முற்றினாலும் கொடி புதுப்பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர் தவறினால் காய் கசக்கும்.

பிஞ்சை உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுக் கடிப்பதற்குத்தான் என் முதல் ஓட்டு. சித்திரை வெயிலில் அதற்கு ஈடே இல்லை. பருத்த காய் தயிர்ப்பச்சடிக்கு. முற்றியது தேங்காய் அரைத்த கூட்டுக்கு. நாட்டு வெள்ளரி பழுத்து வெடித்தால் உடன்குடிக் கருப்பட்டியைத் தூவிச் சாப்பிட வேண்டும், அடடா! மிஞ்சியதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தால், கிண்ணம் கருவாட்டோடு திரும்பி வரும்.