ஜியோடெசிக் குவிமாடத்தை எப்படி ரசிப்பது?

ஜியோடெசிக் குவிமாடம் என்பது முக்கோணங்களை ஒன்றோடொன்று பொருத்தி, கோளத்தின் ஒரு பகுதியாக எழுப்பப்படும் கட்டடம். சுவர் வேறு, கூரை வேறு என்ற பிரிவு அதில் இல்லை. தரையில் தொடங்கும் முக்கோண வலையே வளைந்து உச்சியை மூடிவிடுகிறது. கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்தின் குவிமாடத்தையும் கொழும்பு நகர மண்டபத்தின் குவிமாடத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடாது. அவை கனத்த சுவர்களின் மேல் அமர்ந்தவை. பார்வை தானாக மேலேறி உச்சியில் போய் நிற்கும். முக்கோண வலையில் அப்படி ஒரு தலைமை இடம் கிடையாது. எல்லா முக்கோணங்களும் ஒன்றுபோலவே தோன்றுவதால் கண் அலைகிறது. ஆனால் பார்வையைத் தொடங்க ஓர் இடம் உண்டு: ஐந்து கம்பிகள் கூடும் சந்தி.

வலையின் பெரும்பாலான சந்திகளில் ஆறு முக்கோணங்கள் கூடுகின்றன. சமபக்க முக்கோணத்தின் மூலை 60 பாகை. ஆறு மூலைகள் சேர்ந்தால் 360 பாகை. அப்படிச் சேர்த்தால் தாள் தட்டையாகவே கிடக்கும். ஒரு முக்கோணத்தை எடுத்துவிட்டு மற்ற ஐந்தையும் விளிம்போடு விளிம்பாக ஒட்டினால், நடுப்புள்ளி மேலெழுந்தே ஆகவேண்டும். வளைவு பிறப்பது அங்கேதான். இருபது முக்கோண முகங்களைக் கொண்ட திண்மத்தை அடிப்படையாக வைத்துக் கட்டிய முழுக் கோளத்தில் இத்தகைய ஐங்கம்பிச் சந்திகள் 12 இருக்கும். முக்கோணங்களை எவ்வளவு சிறிதாக்கிப் பெருக்கினாலும் இந்த எண்ணிக்கை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. வெள்ளவத்தைக் கடற்கரையில் பிள்ளைகள் உதைக்கும் பழைய பாணிக் கறுப்பு வெள்ளைப் பந்தில் கறுப்பு ஐங்கோணங்கள் 12 இருப்பதும் இதே கணக்கால்தான்.

முதல் ஐங்கம்பிச் சந்தியைக் கண்டுபிடித்தபின் அடுத்ததைத் தேடலாம். பரவலான வகையில், இரண்டுக்கும் இடையே நேர்வழியில் எத்தனை கம்பிகள் என்று எண்ணினால் குவிமாடத்தின் முழுத் திட்டமும் கைக்கு வந்துவிடும். அந்த எண்ணின் வர்க்கத்தை 20ஆல் பெருக்கினால் முழுக் கோளத்துக்குரிய முக்கோணங்களின் தொகை கிடைக்கும். இரண்டு கம்பிகள் என்றால் 80. மூன்று என்றால் 180. ஒரு புகைப்படம் இருந்தாலே இதைக் கணித்துவிடலாம்.

அடுத்து நீளங்களைக் கவனிக்க வேண்டும். முக்கோணங்கள் ஒரே அளவானவை என்பது கண்ணின் மயக்கம். ஐங்கம்பிச் சந்தியைத் தொடும் கம்பிகள் சற்றுக் குட்டையானவை. தள்ளிப் போகப் போக நீளம் கூடும். இந்தச் சிறு வேறுபாட்டைச் சரியாகக் கணிப்பதே வடிவமைப்பின் உயிர். அதில் பிழை நேர்ந்தால் கடைசி முக்கோணம் பொருந்தாது.

இந்த வலையை முதலில் எழுப்பியவர் அமெரிக்கரான பக்மின்ஸ்ரர் புல்லர் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1954இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் அவர். பெயரையும் புகழையும் பரப்பியவரும் அவரே. ஆனால் அவருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1920களின் தொடக்கத்தில், ஜேர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸ் நிறுவனப் பொறியியலாளர் வால்ற்றர் பவர்ஸ்பெல்ட் தொழிற்சாலைக் கூரையின் மேல் இரும்புத் தண்டுகளால் இத்தகைய வலையை எழுப்பி, மெல்லிய கொங்கிறீற் பூசி மூடினார். செயற்கை வானத்தைக் காட்டும் ஒளியெறி கருவியைச் சோதிக்கவே அந்த அரைக்கோளம். பூச்சு மூடிவிட்டதால் முக்கோணங்கள் வெளியே தெரியவில்லை. புகழ் பிந்தியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கொழும்பு 7இல் உள்ள கோள்மண்டலமும் அந்தச் செயற்கை வானத்தின் வழிவந்ததே. 1965ஆம் ஆண்டுக் கைத்தொழில் கண்காட்சிக்காகப் பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்க வடிவமைத்த இக்கட்டடத்தின் உட்குவிமாடம் 23 மீற்றர் விட்டமுடையது. இது ஜியோடெசிக் அன்று. வெளியே கொங்கிறீற் மடிப்புகள் தாமரையை நினைவூட்டும்படி எழுகின்றன. ஆனாலும் மெல்லிய பொருளுக்குக் கனத்தால் அல்லாமல் வடிவத்தால் வலுவூட்டும் எண்ணம் இரண்டுக்கும் பொது. முக்கோண வலையைப் பார்க்கப் போகிறவர் முதலில் இங்கே வந்து அந்த மடிப்புகளை நின்று பார்ப்பது நல்ல பயிற்சி.

வலு எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கொழும்பிலேயே ஆண்டுதோறும் ஒரு பாடம் நடக்கிறது. வெசாக் காலத்தில் மூங்கில் சிம்புகளால் கட்டும் கூடுகளில், ஆறு சதுரங்களை மூலைக்கு மூலை பிணைத்து, இடையில் எட்டு முக்கோணங்கள் அமையும் வடிவம் ஒன்று உண்டு. தாள் ஒட்டுமுன் அதைப் பிடித்து மெல்ல முறுக்கினால் சதுரங்கள் கோணிப்போகும், முக்கோணங்கள் அசையா. மூன்று பக்கங்களின் நீளம் நிலைத்துவிட்டால் முக்கோணத்தின் வடிவமும் நிலைத்துவிடும். சதுரத்துக்கு அந்த உறுதி இல்லை. இதே வடிவச் சட்டத்தை முறுக்கிச் சுருக்கிக் காட்டுவது புல்லருக்கும் பிடித்தமான விளக்கமாக இருந்தது. தாளை இறுக ஒட்டியதும் கூடு விறைப்பாகிவிடுகிறது. கம்பியே இல்லாமல் பலகைகளாலும் குவிமாடம் கட்ட முடிவது இதனால்தான். அங்கே பலகையே சுமையைத் தாங்கி அடுத்த பலகைக்குக் கடத்துகிறது.

கையால் செய்து பார்ப்பதற்கு ஈடான ரசனை வேறில்லை. 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அரைக்கோளத்துக்குப் பிறிஸ்டல் போர்ட் போதும். பக்கம் 12.4 சென்ரிமீற்றர் கொண்ட சமபக்க முக்கோணங்கள் 10, அடி 12.4, மற்ற இரு பக்கங்களும் 10.9 கொண்ட முக்கோணங்கள் 30. ஒட்டுவதற்கு விளிம்புகளில் மடிப்பு விட்டு வெட்ட வேண்டும். முப்பதையும் ஐந்தைந்தாக, குட்டைப் பக்கங்கள் சேரும்படி ஒட்டினால் ஆறு சிறு தொப்பிகள் கிடைக்கும். ஒன்றை உச்சியில் வைத்து, மற்ற ஐந்தை அதன் ஐந்து மூலைகளிலிருந்து கீழிறக்கி, இடைவெளிகளைச் சமபக்க முக்கோணங்களால் அடைக்க வேண்டும். அடி விளிம்பு சரியான பத்துப்பக்க வடிவமாகத் தரையில் படியும். கடைசி முக்கோணத்தை ஒட்டும்வரை தொளதொளவென்றிருந்த தாள், ஒட்டியதும் திடீரென இறுகுவதை விரல்கள் உணரும்.

பெரிய உதாரணங்களில் மொன்றியலின் 1967ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகப் புல்லர் எழுப்பிய கோளம் முதன்மையானது. விட்டம் 76 மீற்றர். வெளியடுக்கில் முக்கோணங்கள், உள்ளடுக்கில் அறுகோணங்கள். 1976இல் தீப்பிடித்து அதன் அக்ரிலிக் தோல் எரிந்துபோனது. உருக்கு வலை நின்றது. இந்தியாவில் கௌதம், கீரா சாராபாய் உடன்பிறப்புகள் 1960களின் தொடக்கத்தில் அகமதாபாத்தில் காலிக்கோ ஆலையின் துணிக் காட்சியகமாக ஒன்றைக் கட்டினர். அது பின்னர் இடிந்து விழுந்தது.

குறையையும் அறிந்து பார்ப்பதே முழு ரசனை. மேலே சொன்ன சிறு மாதிரியிலேயே 55 இணைப்புகள் உள்ளன. பெரிய கட்டடத்தில் ஒவ்வொன்றும் மழைநீருக்கு ஒரு வாசல். ஓட்டுக்கூரையில் ஓடு ஓட்டின் மேல் படிந்து நீரை வழித்துவிடும். முக்கோணப் பலகைகளில் அது எளிதில் அமையாது. உச்சியருகே சாய்வு குறைவதால் நீர் தயங்கி நிற்கும். மிச்சிகனில் போர்ட் கார் நிறுவனத்துக்காகப் புல்லர் 1953இல் கட்டிய குவிமாடம், 1962இல் கூரைக்கு நீர்க்காப்பு வேலை நடந்தபோது தீப்பற்றி அழிந்தது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் கொழும்பில் இத்தகைய கட்டடம் எதையும் பார்க்கப் போனால், மழைநாளில் போய் உச்சிச் சந்தியைச் சுற்றியுள்ள ஐந்து இணைப்புகளை உள்ளிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். கட்டியவரின் கைத்திறன் அங்கே தெரியும்.