ஆணி இல்லாத அரண்மனை

மலாக்காவில் செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் சுல்தானக அரண்மனை அருங்காட்சியகம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் மன்சூர் ஷாவின் அரண்மனையை ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூல் விரிவாக வர்ணிக்கிறது. அந்த வர்ணனையைக் கொண்டே 1980களில் இதை எழுப்பினார்கள். சொற்களிலிருந்து ஒரு மாளிகையைக் கட்டிய தச்சர்களை நினைக்க நினைக்க வியப்புத்தான்!

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியதும் பாதத்துக்குக் கீழே வழுவழுப்பான பலகை. தரையிலிருந்து தூண்கள்மேல் உயர்த்திய வீடு இது. வெள்ளமும் ஈரமும் அண்டாது, அடியில் காற்று ஓடும். மரத்தில் துளையிட்டு, முளை செதுக்கி இறக்கி, மர ஆணியால் இறுக்கியிருக்கிறார்கள். இரும்பு ஆணி கிடையாது. மழையிலும் வெயிலிலும் மரம் ஊதிச் சுருங்கும்போது இந்த இணைப்பும் அதோடு சேர்ந்து இசைந்து கொடுக்கும். நான் அதிக நேரம் நின்றது இந்த மூட்டுகளின் முன்னால்தான். கூரையில் பெலியான் மரத்துண்டுகள் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. மூல அரண்மனைக்குச் செம்பும் துத்தநாகமும் வேய்ந்ததாக நூல் சொல்கிறது.

உள்ளே ஆடைகள், ஆயுதங்கள், அரசவைக் காட்சியில் பொம்மை மனிதர்கள். நண்பர்களான மலாய் வீரர்கள் ஹாங் துவாவும் ஹாங் ஜெபாத்தும் மோதிய காட்சியும் உண்டு. அக்காலத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்களும் செல்வாக்கோடு இருந்தவர்கள் என்பதால், அந்த அவையைக் கூடுதல் உரிமையோடு பார்த்தேன். ஆனாலும் என் கண் திரும்பத் திரும்பப் போனது தூணும் உத்திரமும் சேரும் இடத்துக்கே. போகிறவர்கள் அங்கே அண்ணாந்து பாருங்கள்.